பத்துப் பாக்கெட் பிரெட்டும் காணாமல் போன இருபது சாண்ட்விச்சும்

கம்பத்தில் இருந்துகொண்டு, கீழே கூடலூரிலும் மலைக்கு மேலே கேரளப் பக்கத்துக் குமுளியிலும் கடைகளுக்கு பில்லிங் மெஷின் வைத்துக் கொடுக்கிறேன், கணக்கும் பார்க்கிறேன். தேக்கடிக்கு வருகிற கூட்டம் நின்றபடியே எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போக நினைப்பதால் குமுளியில் சாண்ட்விச் நன்றாக ஓடும். ஆனால் மெஷின் வாங்கியவர்களில் பலர் அதை பில் அடிக்கிற பெட்டியாக மட்டுமே வைத்திருக்கிறார்கள். அதனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி அந்தக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, கடைப் பையன் கை வைக்கிறான். மெஷின்ல பிடிச்சுக் குடுங்க." அவர் கணக்கு இதுதான்: அன்றைக்கு பத்துப் பாக்கெட் பிரெட் தீர்ந்திருக்கிறது. பாக்கெட்டுக்கு 18 ஸ்லைஸ், ஒரு சாண்ட்விச்சுக்கு இரண்டு. ஆக 90 சாண்ட்விச் விற்றிருக்க வேண்டும். பில்லில் 70தான் இருக்கிறது. மிச்சம் 20 எங்கே போனது?

மறுநாள் போய் உட்கார்ந்தேன். பையன் பிரெட்டைப் பிரிக்கும்போதே ஒன்று தெரிந்தது. மேலும் கீழும் இருக்கிற தோல் ஸ்லைஸ் இரண்டையும் ஓரமாக எடுத்துப் போட்டான். அப்படியென்றால் பாக்கெட்டுக்கு உதவுவது 16தான், பத்துப் பாக்கெட்டுக்கு 160. அடுத்தது மெஷின். அதில் 'சாண்ட்விச்' என்று ஒரே பட்டன். கிளப் சாண்ட்விச் கேட்டாலும் அதே பட்டனை அமுக்கி விலையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கிளப்புக்கு மூன்று ஸ்லைஸ் போகும். விலையை வைத்து முந்தின நாள் பில்களைப் பிரித்துப் பார்த்தோம். கிளப் 18, சாதா 52. அதாவது 54 ஸ்லைஸும் 104 ஸ்லைஸும், மொத்தம் 158. மீதி இரண்டு ஸ்லைஸ் டப்பாவிலேயே கிடந்தது.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு பட்டன் சரியாக இல்லாததால் ஒருத்தன் வேலையும் பேரும் போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு பதறுகிறது.

அன்றே ஒவ்வொரு ஐட்டத்தையும் தனித்தனியாக ஏற்றினோம். எத்தனை ஸ்லைஸ், எத்தனை கிராம் வெண்ணெய், எவ்வளவு சீஸ் என்று தராசில் நிறுத்துப் போட்டோம். எல்லாரும் தள்ளிப்போடுகிற வேலை இது, அரை நாள் பிடிக்கும். ஆனால் இதைச் செய்யாவிட்டால் மெஷினிலிருந்து சரக்குக் கணக்கு எதுவும் வராது. கூடவே, ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன் மிச்சமிருக்கும் பிரெட்டையும் சீஸையும் எண்ணி மெஷினோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம்தான் ஆகும்.

எல்லையில் கடை போட்டவர்கள் வரி விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டும். கம்பத்தில் ஒரு கடை, குமுளியில் ஒரு கடை என்றால் இரண்டும் ஒருவருடையதே ஆனாலும் ஜிஎஸ்டி பதிவு தனித்தனி. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், கேரள எண் 32. ஒரே மெஷின் அமைப்பை இரண்டு கடைக்கும் நகலெடுத்து வைத்து, குமுளி பில்லில் கம்பத்து எண் அச்சாவதைப் பார்த்திருக்கிறேன். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கிறவர்கள் பில்லில் வரி போட்டு வசூலிக்கவே கூடாது. ஆனால் மெஷின் வந்தபடியே விட்டுவிட்டு, மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரை சதவீதமாக வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கம்பத்தில் தயாரித்த மசாலாவைக் குமுளிக் கடைக்கு அனுப்புவதும் மாநிலம் தாண்டிய சப்ளைதான், காம்போசிஷனில் அதற்கு இடமில்லை. முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

பார்சலுக்கு வருகிறேன். தயாரித்த தேதி, நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற ஸ்டிக்கர் இல்லாமல் பார்சல் கொடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் கேரள அரசு உத்தரவு போட்டது. பச்சை முட்டை மயோனைஸையும் அப்போதே தடுத்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் அந்த மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது. கூட்ட நேரத்தில் பேனாவால் நேரம் எழுத யாருக்கும் கை ஓடாது. பார்சல் பட்டனை அமுக்கியதும் ஸ்டிக்கர் தானாக அச்சாகும்படி சின்ன பிரிண்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. மயோனைஸ் கெட்டுப்போனால் சாப்பிட்ட குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும். இதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

சமையல்கட்டுக்குப் போகும் சீட்டு தமிழில் அச்சாகட்டும். தோசைக்கல்லில் நிற்கிறவர் உத்தமபாளையத்துக்காரர், கல்லாவில் இருக்கிறவர் மலையாளத்தில் ஆர்டர் எடுக்கிறார், சீட்டோ ஆங்கிலத்தில் வருகிறது. இப்படி இருந்தால் வெங்காயம் வேண்டாம் என்றவருக்கு வெங்காயம்தான் போகும். மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போகிற ஊர் என்பதால், நெட் இல்லாமலும் பில் போடுகிற மெஷினாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் கடைக்கு பிரெட் கம்பத்திலிருந்து காலை வண்டியில் வருகிறது. முன்பெல்லாம் மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் பத்துப் பாக்கெட்தான். இப்போது எந்த மணிக்கு எவ்வளவு விற்றது என்று மெஷின் தரும் அறிக்கையையும் போன வருஷத்துக் கணக்கையும் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு போன் போடுகிறார். கார்த்திகை பிறந்து சபரிமலைக் கூட்டம் தொடங்கினால் முட்டையும் சிக்கனும் படுத்துவிடும், வெஜ் ஏறும் என்பது மெஷினிலேயே இருக்கிறது. சென்ற கார்த்திகை முதல் நாள் அவர் சொன்ன எண்ணிக்கை 14 பாக்கெட். அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தபோது டப்பாவில் மிச்சம் ஆறு ஸ்லைஸ்.