ரூட்டரின் வேகமும் சீவலின் கனமும்

உளியோ இழைப்புளியோ மரத்தைச் சீவும்போது, கருவியின் வேகம் என்பது கையின் வேகம்தான். மரத்தை வெட்டி வடிவம் கொடுக்கும் மின்கருவியான ரூட்டரில் கணக்கே வேறு. மோட்டாரின் தண்டில் நேரடியாக மாட்டிய பிட், அதாவது வெட்டும் அலகு, நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை சுழல்கிறது. நடுவில் கியர் கிடையாது, பெல்ட் கிடையாது. கைக்கு மிச்சமுள்ள வேலை அதை மரத்தின் மேல் நகர்த்திக்கொண்டு போவது மட்டும். விளிம்பை உருட்டுவது, காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) எடுப்பது, கீல் உட்காரப் பள்ளம் தோண்டுவது, புறாவால்போல விரிந்த பற்கள் கோத்துக்கொள்ளும் டவ்டெயில் இணைப்பு வெட்டுவது, ஒரு மாதிரிப் பலகையைப் பார்த்து அதே வடிவத்தைப் பத்துத் துண்டுகளில் வெட்டுவது என எல்லாவற்றையும் தீர்மானிப்பது பிட்டின் வடிவம். ரூட்டர் அதைச் சுழற்றிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. பிட்டின் தண்டு எவ்வளவு தடிமன் என்பது முதல் கேள்வி. அந்தத் தண்டை ரூட்டர் எப்படிப் பிடிக்கிறது என்பது இரண்டாவது. ஏன் என்று புரிய, சீவலில் இருந்து தொடங்க வேண்டும்.

சாதாரண பிட்டில் இரண்டு வெட்டு முனைகள் இருக்கும். 24,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 48,000 வெட்டு, நொடிக்கு 800. அந்த ஒரு நிமிடத்தில் ரூட்டரை 2 மீட்டர் தூரம் தள்ளினால், ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைக்கும் மரத்தின் கனம் சுமார் 0.04 மில்லிமீட்டர். 4 மீட்டர் தள்ளினால் 0.08. ரூட்டர் வேலையில் நல்லது கெட்டது எல்லாமே இந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

எவ்வளவு கூரான முனையானாலும், பெரிதாக்கிப் பார்த்தால் அதன் நுனி கொஞ்சம் உருண்டுதான் இருக்கும். சீவல் போதிய கனத்தில் இருந்தால் முனை மரத்துக்குள் இறங்கி வெட்டும். மிக மெல்லியதாகிவிட்டால் உள்ளே இறங்காமல் மேலாகத் தேய்த்துக்கொண்டே போகும். ஒழுங்காக வெட்டும்போது உண்டாகும் வெப்பத்தில் பெரும்பங்கைச் சீவலே சுமந்துகொண்டு பறந்துவிடும். தேய்க்கும்போது வருவது தூள். அதனால் அவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோக முடியாது. மிச்சம் பிட்டிலும் மரத்திலும் தங்கிவிடும். மரம் கருகுவது இப்படித்தான்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கருகல் வாடை வந்ததும் "வேகமாகத் தள்ளிவிட்டோம் போல" என்று இன்னும் மெதுவாகப் போவார்கள். சீவல் இன்னும் மெல்லியதாகி, கருகல் கூடும். செய்ய வேண்டியது நேரெதிர்: கையைக் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும், அல்லது மோட்டாரின் சுற்றைக் குறைக்க வேண்டும். மூலையில் திரும்பும்போது ஒரு நொடி தயங்கி நின்றாலே கருந்தடம் விழுவதற்கும் இதுதான் காரணம். செர்ரி, மேப்பிள் போன்ற மரங்கள் சட்டென்று கருகும். பிட்டில் இருந்து பறப்பது சிறு செதில்களா மாவா என்று பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாகவே சரியான வேகத்துக்குப் பழகிவிடும். எம்டிஎஃப் பலகையில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அது நாரைப் பொடித்துப் பசையோடு அழுத்திச் செய்தது. எப்படி வெட்டினாலும் மாவுதான் வரும்.

சுற்றைக் குறைப்பதற்கு இதைவிடக் கடுமையான இன்னொரு காரணமும் உண்டு. 12 மி.மீ. விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடினால் அதன் வெளி விளிம்பு நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும். 75 மி.மீ. பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் நொடிக்கு 94 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பிட்டின் உடலில் ஈயப்பற்று வைத்தது போன்ற ஒட்டுமுறையில் பொருத்திய கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) முனையை வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் விசை, சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்பங்காகிவிடும். அதனால்தான் பெரிய பிட்டுகளின் தண்டில் உச்ச வேகத்தைப் பொறித்திருப்பார்கள். பொதுவாக 25 மி.மீ. வரை முழு வேகம், 50 மி.மீ. அளவில் 16,000 முதல் 18,000, 75 மி.மீ. என்றால் 10,000 முதல் 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். பிட்டில் பொறித்த எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு. ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் ரூட்டரில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது.

இப்போது தண்டின் தடிமன். பிட்டுகள் பெரும்பாலும் கால் அங்குலம், அரை அங்குலம், அல்லது 6, 8, 12 மி.மீ. தண்டுகளோடு வரும். உருளைத் தண்டு ஒன்று வளைவதை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு! கால் அங்குலத் தண்டுக்கும் அரை அங்குலத் தண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இதுதான். 6-இல் இருந்து 8 மி.மீ.க்குப் போனாலே விறைப்பு மூன்று மடங்காகிறது. மெல்லிய தண்டு ஒவ்வொரு வெட்டிலும் நுண்ணிய அளவில் வளைந்து மீளும்; அந்த அதிர்வு மரத்தின் மேல் சின்னச் சின்ன அலைகளாகப் பதியும், பிறகு உப்புத்தாள் வைத்து நெடுநேரம் தேய்க்க வேண்டியிருக்கும். தண்டு வெளியே நீட்டியிருக்கும் நீளமும் முக்கியம். நீளம் இரட்டித்தால் நுனி வளைவது எட்டு மடங்காகும். தேவைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத பிட்டை வாங்குங்கள் என்று தச்சர்கள் சொல்வதன் அடிப்படை இதுவே.

தண்டைப் பிடிப்பது காலெட். நீளவாக்கில் கீறல்கள் விட்ட, வெளிப்புறம் கூம்பான ஒரு சிறு எஃகு உறை அது. நட்டை முறுக்கும்போது, மோட்டார் தண்டின் உட்புறக் கூம்புக்குள் காலெட் இழுபட்டு, நாலாபுறமும் நெருங்கிப் பிட்டைக் கவ்வும். பூட்டு, திருகு எதுவும் கிடையாது. பிடிப்பு முழுக்க உராய்வுதான். அதனால் சில விதிகள் தானாகவே வந்துவிடுகின்றன. பிட்டை அடிவரை செருகி, பிறகு 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால், காலெட் கீழே இழுபடும்போது பிட்டால் கூடவே இறங்க முடியாது. இறுகியதுபோலத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. காலெட்டின் உள்ளே பிசினோ தூளோ ஒட்டியிருந்தால் தொடும் பரப்பு குறைந்து பிட் நழுவும். நேர் முனையாக இல்லாமல் திருகுபோல மேல்நோக்கிச் சுற்றிய பிட்டுகள் சீவலை மேலே தள்ளும்போது தம்மைத் தாமே காலெட்டில் இருந்து கீழே இழுத்துக்கொள்ளும். பிடிப்பு தளர்ந்திருந்தால் காடியின் ஆழம் போகப் போகக் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அப்புறம், கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. தண்டைப் போட்டு இறுக்கினால் பிடித்தது மாதிரிதான் இருக்கும், ஓட்டத்தில் கழன்று பறக்கும். 12-க்கும் 12.7-க்கும் இதே கதை.

கடையில் ரூட்டரைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் கழற்றிப் பார்ப்பது காலெட்டைத்தான். உயரமாக, நிறையக் கீறல்களோடு, உள்ளே வழவழப்பாக இருக்கிறதா? நட்டைத் தளர்த்தும்போது காலெட்டும் கூடவே விடுபட்டு வருகிறதா? ஓரிரு கீறல் மட்டும் போட்ட குட்டைக் காலெட் என்றால், பெட்டியில் எந்த வாட் எழுதியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

சரி, வாட். விளிம்பு வேலைக்கான ஒரு கைப்பிடிச் சிறு ரூட்டர், அதாவது டிரிம்மர், 500 முதல் 700 வாட் வரை இருக்கும். எடை 2 கிலோவுக்குள். கால் அங்குலம் அல்லது 6 மி.மீ. காலெட். நடுத்தர ரூட்டர் 1,200 முதல் 1,700 வாட். மேசைக்கு அடியில் தொங்கவிட்டுப் பெரிய பிட்டுகளை ஓட்டுகிறவை 2,000 வாட்டுக்கு மேல். குதிரைத்திறன் எண்ணை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும் இயந்திரத்தில் உள்ளே போவதே 1,800 வாட். 746-ஆல் வகுத்தால் 2.4 குதிரைத்திறன். மோட்டாரின் இழப்பு போகப் பிட்டுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனாலும் அட்டையில் 3 என்று இருக்கும். அது மோட்டார் திணறி நிற்பதற்கு முந்தைய நொடியின் உச்சம். வாட் எண்ணைவிடப் பயனுள்ளது, சுமை ஏறும்போது சுற்று இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு. சுற்று நிலையாக இருந்தால்தான் சீவலின் கனமும் நிலையாக இருக்கும். மெதுவாகத் தொடங்கும் வசதி இருந்தால் சுவிட்சைப் போட்டதும் கையைத் திருகும் அந்த உதறலும் இருக்காது.

அடித்தளம் இரண்டு வகை. நிலையான அடித்தளத்தில் ஆழத்தை முன்கூட்டியே வைத்துப் பூட்டிவிட்டு ஓட்டலாம். விளிம்புகளுக்கும் மேசைக்கும் இது போதும். இறங்கு அடித்தளத்தில் இரண்டு ஸ்பிரிங் தூண்கள் மேல் மோட்டார் ஏறி இறங்கும். பலகையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிற காடிக்கும் துளைக்கும் அது வேண்டும். இரண்டு அடித்தளமும் சேர்ந்து வரும் நடுத்தர ரூட்டர், அரை அங்குலக் காலெட், வேகக் கட்டுப்பாடு: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் என் தேர்வு இது. விளிம்பை உருட்டுவதும் லாமினேட் ஓரம் வெட்டுவதும்தான் வேலை என்றால் டிரிம்மரே போதும்.

எந்த ரூட்டர் ஆனாலும், நகர்த்தும் திசை தப்பினால் கருவி கையை மீறும். மேலே இருந்து பார்த்தால் கையில் பிடித்த ரூட்டரின் பிட் கடிகார முள் திசையில் சுற்றும். வேலை செய்யும் விளிம்பு உங்களைப் பார்த்தபடி இருக்கிறது, ரூட்டர் உங்களுக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிறது என்று வையுங்கள். மரத்தைத் தொடும் முனை இடமிருந்து வலமாக ஓடும். அதற்கு எதிர்வினையாக மரம் ரூட்டரை வலமிருந்து இடமாகத் தள்ளும். நீங்கள் இடமிருந்து வலமாக நகர்த்தினால் அந்த எதிர்ப்பு எப்போதும் கையில் தெரியும், கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். மாற்றி நகர்த்தினால் இரண்டு தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்து, பிட் சக்கரம்போல மரத்தின் மேல் உருண்டு ஓடப் பார்க்கும். சுருக்கமாக, பலகையின் வெளி விளிம்பைச் சுற்றும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. சட்டத்தின் உள் விளிம்பில் கடிகார முள் திசை. காடிக்கும் இதே விசைதான்: ரூட்டரை உங்களிடம் இருந்து விலக்கித் தள்ளும்போது அது இடப்பக்கம் சாயும். ஆகவே வழிகாட்டும் நேர்க்கட்டையை இடப்பக்கம் கிளாம்ப் செய்தால், ரூட்டர் தானே அதில் சாய்ந்துகொண்டு போகும். வலப்பக்கம் வைத்தால் கட்டையை விட்டு விலகிக்கொண்டே இருக்கும்.

ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். கால் அங்குலத் தண்டில் ஒரு தடவைக்கு 3 மி.மீ. சுமார், தடித்த தண்டில் பிட் விட்டத்தின் பாதிவரை போகலாம். டவ்டெயில் பிட் மட்டும் விதிவிலக்கு. அதன் அடி அகலம் என்பதால் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில்தான் வெட்ட முடியும். முதலில் நேர் பிட்டால் நடுவில் காடி எடுத்து மரத்தைக் குறைத்துவிட்டு அதை மாட்டினால் பிட் பிழைக்கும். பலகையின் நான்கு பக்கமும் உருட்டுவதாக இருந்தால் நார் முடியும் குறுக்குப் பக்கங்களை முதலில் முடியுங்கள். அங்கே கடைசி மூலையில் நார்கள் தாங்க ஆளில்லாமல் பிய்ந்து போகும். பிறகு நீளப்பக்கத்தை ஓட்டும்போது அந்தச் சேதம் சீவலோடு போய்விடும்.

மேசையில் ரூட்டர் தலைகீழாகத் தொங்குவதால் திசையும் தலைகீழ்: மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். பிட்டுக்கும், மரம் சாய்ந்து நகரும் பின்தடுப்புக்கும் இடையே உள்ள சந்தில் மரத்தை ஒருபோதும் நுழைக்கக் கூடாது. நுழைத்தால் பிட் அதைக் கவ்வி எறியும், விரலையும் கூடவே இழுக்கும். 40 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்டுகளைக் கையில் பிடித்து ஓட்டாமல் மேசைக்கே விட்டுவிடுவது நல்லது.

சத்தம் 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும், காதடைப்பு வேண்டும். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. முகமூடியும் தூள் உறிஞ்சியும் அதற்காக. பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

பிட் மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுமுன் அதைக் கழுவிப் பாருங்கள். வெட்டு முனைக்குப் பின்னால் பழுப்பாகக் காய்ந்த பிசின், முனையை மரத்துக்குள் இறங்கவிடாமல் தடுத்துத் தேய்க்க வைக்கும்; பிசின் நீக்கும் திரவத்தில் சற்று ஊறவைத்துத் தூரிகையால் துடைத்தால் பாதிப் பிட்டுகள் மறுபடி வெட்டத் தொடங்கும். பேரிங் உள்ள பிட் என்றால் முதலில் பேரிங்கைக் கழற்றிவிடுங்கள், திரவம் அதன் கிரீஸையும் கரைத்துவிடும். தேக்கில் சிலிக்காவும் ப்ளைவுட்டில் பசையும் இருப்பதால் அவற்றில் சாதாரண எஃகு பிட் சீக்கிரம் தேயும். கார்பைடு நெடுநாள் தாங்கும். ஆனால் கார்பைடு கடினமான அளவுக்கு நொறுங்கும் தன்மையும் உள்ளது. பிட்டுகளை ஒரு டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று மோதியே முனை பெயரும். துளையிட்ட கட்டையில் தனித்தனியாக நிறுத்தி வையுங்கள்.