ரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளை என்ன செய்யும்?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்கு நிமோனியா. தஞ்சாவூரில் ஐசியூவில் வைத்திருக்கிறோம். சோடியம் 162 ஆகிவிட்டது என்கிறார்கள். பிரஷருக்காக அவர் உப்பைக் குறைத்துத்தான் சாப்பிட்டுவந்தார். உப்பு எங்கிருந்து சார் வந்தது?”

பெரும்பாலும் உப்பு வந்திருக்காது, தண்ணீர் போயிருக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு) வரை சோடியம் இருக்க வேண்டும். காய்ச்சல், மூச்சிரைப்பு, பேதி, சிறுநீரைக் கூட்டும் மருந்து என்று நீர் இறங்க இறங்க இந்த அளவு ஏறும். நல்ல உடம்பில் ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் தாகத்தைக் கிளப்பிவிடும். வாசோப்ரஸின் என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரையும் குறைத்துவிடும். தொண்டையில் குழாயோடு மயக்கத்தில் கிடப்பவர் தண்ணீர் கேட்பது எப்படி? வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரிவதில்லை. போதாததற்கு, ஊசி வழியே ஏற்றுகிற நார்மல் சலைன் என்ற உப்புக் கரைசலிலேயே லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது.

தசை தளரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஆனால் பெரிய அடி மூளைக்குத்தான். வெளியே உப்பு கூடியதும் செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியேறி மூளை சுருங்குகிறது. குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு எல்லாம் வரலாம். வேகமாக ஏறினால், சுருங்கும் மூளை இழுக்கிற இழுப்பில் அதன் மேற்பரப்பு ரத்தக்குழாய்கள் அறுந்து கசிவதும் உண்டு.

மூளை சும்மா இருப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் சோடியம், பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்து, போன நீரைத் திரும்பப் பிடிக்கிறது. ஆனால் செல்லுக்குள் உப்பு மிகுந்தால் புரதங்கள் கெடும். அதனால் அடுத்த இரண்டு மூன்று நாளில் அயனிகளுக்குப் பதிலாக மயோ-இனோசிடால், டாரின், குளுட்டமின், பீட்டெய்ன் போன்ற சாதுவான மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்கிறது. இவை நீரைப் பிடித்து வைக்கும், புரதங்களைத் தொந்தரவு செய்யாது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நிறைந்து நிற்கும் அவிசென்னியா மரினா மரமும் இதையேதான் செய்கிறது. அதன் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். மேலே உப்பு பூத்திருக்கும். உள்ளே வந்த உப்பைச் செல்லின் நுண்குமிழில் ஒதுக்கிவிட்டு, மற்ற பகுதியில் கிளைசின் பீட்டெய்னை நிரப்பிக்கொள்கிறது. கடலோரச் சேற்றில் நிற்கும் மரமும் மனித மூளையும் ஒரே வகை மூலக்கூறைத் தேடிப்போவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சரி, தண்ணீரை மளமளவென்று ஏற்றிவிடலாமே? ஏறி இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் கூடாது என்பார்கள். சேர்த்துவைத்த மூலக்கூறுகள் வெளியேற நாள் பிடிக்கும். அதற்குள் ரத்தம் நீர்த்துவிட்டால் நீர் செல்லுக்குள் பாய்ந்து மூளை வீங்கும். குழந்தைகளிடம் இந்த ஆபத்து தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு இவ்வளவு பயம் தேவையா என்ற விவாதம் இப்போது நடக்கிறது. ஆனாலும் ஒரு நாளைக்கு 10–12 மில்லிமோலுக்கு மேல் இறக்காமல் இருப்பதுதான் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் 162ஐ 145க்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். குழாய் வழியே வெறும் தண்ணீரோ, ஊசி வழியே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலோ கொடுத்துக்கொண்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை இரவு பகலாகத் தாலுகா மருத்துவமனைகளிலும் நடக்க வேண்டும். அரசு அதற்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து யார் வயிற்றுக்குள்ளாவது போய்விட்டால், உப்பைக் கரைத்துக் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 50 கிலோ எடையுள்ளவர் உடம்பில் சுமார் 30 லிட்டர் நீர் இருக்கும். 18 கிராம் உப்பில் 300 மில்லிமோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோடியம் உண்டு. வாந்தி வராமல் அது உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தச் சோடியம் லிட்டருக்கு சுமார் 10 மில்லிமோல் ஏறும். இரண்டு மூன்று முறை கரைத்துக் கொடுத்தால், விஷத்திலிருந்து பிழைத்திருக்க வேண்டியவர் உப்பால் செத்துப்போகலாம். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.