நடக்கிறவர் கண்ணில் படும் கடை

திருநெல்வேலி டவுன் கீழ ரத வீதியில் ஒரு சாயங்காலம் மெதுவாக நடந்து பாருங்கள். நடக்கிற ஆள் விநாடிக்குச் சுமார் 1.3 மீட்டர் நகர்வார். பத்தடி வாசல் உள்ள ஒரு கடையைத் தாண்ட இரண்டு விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் கண்ணாடி அலமாரியில் என்ன இருக்கிறது, கூட்டம் எப்படி, கடைக்காரர் கை சும்மா இருக்கிறதா என்பது வரை கண் பார்த்துவிடும். அதே கடையை 30 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் தாண்டினால் கிடைப்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் பார்வை முழுக்க ரோட்டில்தான்.

என் கணக்கில் கடைத்தெரு வியாபாரத்தில் பாதி இந்த இரண்டு விநாடியில் இருக்கிறது. தெரு அதைக் கூட்டவும் செய்யும், பறிக்கவும் செய்யும்.

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல். விளிம்பு உயர்ந்தால் கட்டைப்பையோடு வருகிற ஆச்சி ஏறி இறங்க முடியாமல் ரோட்டிலேயே நடப்பார், பின்னால் ஆட்டோ வருகிறதா என்று பார்ப்பாரே தவிர கடையை எங்கே பார்க்கப் போகிறார்?

"வண்டி நிறுத்த இடம் இல்லைன்னா யாவாரம் படுத்துரும்" என்று அண்ணாச்சிமார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. 2006இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விசாரித்தபோது, வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்திருந்தார்கள், உண்மையில் வந்தது 22 சதவீதம். நம் ஊரில் காரைவிட பைக்தான் அதிகம், அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் தவறு எப்படி வருகிறது என்பது ஒன்றுதான்: வண்டியில் வந்தவர் இடம் கேட்டுச் சத்தம் போடுவார், நடந்து வந்தவர் வாங்கிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அப்புறம், காலையிலிருந்து வாசலை மறித்து நிற்கிற பைக் பல இடங்களில் கடைக்காரருடையதுதான்.

வெயிலையும் சொல்ல வேண்டும். கீழ ரத வீதி தெற்கு வடக்காகப் போகிறது, அதனால் மேற்கு பார்த்த வாசல்களில் மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். வெளியே வெளிச்சம் கூடி உள்ளே குறைந்தால் கடைக் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கிற சரக்கு தெரியாது, எதிர்க்கட்டடம்தான் தெரியும். விளக்கைக் கூட்டிப் பெரிய பலன் இல்லை, வெளியே நிழல் வேண்டும். மற்ற தெரு என்றால் மரம் வைக்கச் சொல்லுவேன். இது தேர் ஓடுகிற வீதி, கிளை விரிய இடம் கொடுக்க முடியாது. சுருட்டி வைக்கிற படுதாதான் இங்கே சரி, ஆனித் தேரோட்டத்துக்கு முதல் நாளே சுருட்டிக் கட்டிவிடலாம்.