கதிரியக்க மாசு: சொல் விளக்கம்

போன வாரம் பேரங்காடியில் ஜப்பானிய மாட்டிறைச்சியைப் பார்த்ததும் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, ஃபுகுஷிமா பக்கத்து மாடுகள்மேல் கதிர்வீச்சு பட்டதாமே?” உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். நல்ல கேள்வி, சொல்தான் இடம் மாறிவிட்டது.

பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுக்கும்போது நம்மேல் படுவது கதிர்வீச்சு. கருவியை நிறுத்தினால் முடிந்தது, உடம்பில் ஒன்றும் தங்காது. அந்த மாடுகளுக்கு நடந்தது வேறு. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் வெளியான, தானே கதிர்வீச்சு விடும் சீசியம் என்ற பொருள் காற்றோடு போய், அறுவடை முடிந்து வயலில் கிடந்த வைக்கோலில் படிந்தது. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் படிந்தது. உடம்பு சீசியத்தைப் பொட்டாசியம் போலவே எடுத்துக்கொள்ளும். அதனால் வைக்கோலைத் தின்ற மாடுகளின் தசையில் அது சேர்ந்தது. ஜூலையில் சோதித்தபோது, கிலோவுக்கு 500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அப்போதைய வரம்பை இறைச்சி தாண்டியிருந்தது. அதற்குள் கொஞ்சம் கடைகளுக்கும் போய்விட்டது. அப்புறம்தான் ஃபுகுஷிமா மாடுகளை வெளியே அனுப்பத் தடை வந்தது. 2012இல் வரம்பையே 100 ஆக்கினார்கள்.

இப்படி மேலே படிந்தோ உள்ளே போயோ தங்குவதற்குப் பெயர் கதிரியக்க மாசு.

‘ரேடியோ ஆக்டிவ்’ 1898இல் கியூரி தம்பதியர் உண்டாக்கிய சொல். அதன் வேர் லத்தீனின் ‘ரேடியஸ்’. சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அதுதான் சொல். தமிழில் கதிர் + இயக்கம். நம் கதிரும் ஒரு பொருளோடு நிற்பதில்லை: சூரியக் கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர். நெற்கதிரை அடித்தபின் மிஞ்சும் வைக்கோல் வழியாகத்தான் இந்தக் கதிரியக்கம் மாட்டுக்குள் போனது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது. வழக்கம்போலத் தீவனம் வைத்த விவசாயிக்கு அதில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

மாசு பழைய சொல். அழுக்கு, தூசு, குற்றம் மூன்றையும் குறிக்கும். செய்திகளில் ‘கதிர்வீச்சுப் பாதிப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பாதிப்பு என்றால் விளைவு மட்டும்தான் தெரிகிறது. மாசு என்றால் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது, நீக்கப் பார்க்கலாம் என்றும் புரிகிறது.

“அப்போ மாட்டுக்குள் போனது வெளியே வருமா, மாமா?” என்றாள். வரும். சுத்தமான தீவனம் கொடுத்தால் சிறுநீரோடும் சாணத்தோடும் வெளியேறி, சில மாதங்களில் பெருமளவு குறைந்துவிடும். மண்ணில் விழுந்தது அப்படியில்லை. அதில் சீசியம்-137 என்ற வகை பாதியாகவே 30 ஆண்டு பிடிக்கும்.

ஃபுகுஷிமா உணவுப்பொருள்களுக்கான கட்டுப்பாடுகளைச் சிங்கப்பூர் 2021 மே மாதம் நீக்கியது.