இருக்கைக்கு அடியில் ஒரு டயர்

டோக்கியோவின் ஹமமட்சுசோ நிலையத்தில், ஹனேடா விமான நிலையத்துக்குப் போகும் மோனோரயிலில் ஏறினால் பெட்டிக்குள் ஒரு திண்ணை கண்ணில் படும். தரை நடுவில் மேடாக எழும்பியிருக்கிறது. அதன்மேல் முதுகோடு முதுகாக இருக்கைகள். உட்கார்ந்தால் முகம் ஜன்னலைப் பார்க்கும். வெளியே கால்வாய்களும் கிடங்குகளும் நகர்வதால், வேடிக்கை பார்ப்பதற்கென்றே செய்த ஏற்பாடு என்று தோன்றும். உண்மையில் அந்த மேடு, கீழே சுழலும் டயர்களுக்கு விட்ட இடம்.

இந்த ரயிலுக்குத் தண்டவாளம் கிடையாது. சுமார் 80 செ.மீ. அகலமுள்ள ஒரு காங்கிரீட் உத்தரத்தின்மேல், குதிரைமேல் கால்பரப்பி அமர்ந்ததுபோல அமர்ந்து ஓடுகிறது. பாரம் தாங்கும் ரப்பர் டயர்கள் உத்தரத்தின் முதுகில் உருளும். வழிகாட்டும் சிறு சக்கரங்களும், சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் சக்கரங்களும் இரு விலாவையும் கவ்வியபடி கிடைமட்டமாகச் சுழலும். தடம்புரள்வது ஏறக்குறைய நடக்காத காரியம்.

மின்சாரத்தில்தான் எனக்குப் பிடித்த சிக்கல். சாதாரண மின்ரயிலில் மேல்கம்பி வழியாக வரும் மின்சாரம் இரும்புச் சக்கரத்தில் இறங்கி, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும். இங்கே ரப்பரும் காங்கிரீட்டும். திரும்பும் வழி ஏது? அதனால் உத்தரத்தின் ஒரு பக்கம் வரவுக்கும் மறுபக்கம் திரும்புவதற்குமாக இரண்டு மின்கம்பிகள் ஓடுகின்றன. 750 வோல்ட், நேர்திசை மின்சாரம். தடம் பிரியும் இடத்திலோ உத்தரத்தையே துண்டு துண்டாக வளைத்து நகர்த்த வேண்டும். சாதாரண ரயிலில் ஓர் இரும்பு நாக்கு செய்யும் வேலைக்கு இங்கே பல டன் எடை அசைகிறது.

ஆல்வெக் எனப்படும் இந்த முறையின் பெயர், ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்சல் லென்னார்ட் வென்னர்-கிரென் என்ற தொழிலதிபரின் பெயரெழுத்துகளில் பிறந்தது. எலெக்ட்ரோலக்ஸ் தூசு உறிஞ்சியை விற்றுப் பெரும்பணக்காரர் ஆனவர் அவர். 1950களில் ஜெர்மனியின் கொலோன் அருகே சோதனைத் தடம் போட்டார், 1961இல் இறந்துவிட்டார். உரிமம் வாங்கியிருந்த ஹிட்டாச்சி அதை ஹனேடாவுக்குக் கொண்டுபோனது.

டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தது. நகருக்குள் நிலம் வாங்கிக்கொண்டிருக்க நேரமில்லை; பாதையின் பெரும்பகுதி கால்வாய்களை ஒட்டியும் தண்ணீரின்மேலுமே போனது. 1964 செப்டம்பர் 17 அன்று 13.1 கி.மீ. தடம் திறந்தது, போட்டிகளுக்கு மூன்று வாரமே இருக்கையில். ஒலிம்பிக் முடிந்ததும் கூட்டம் கரைந்தது. கட்டணம் அன்றைய சம்பளத்துக்கு அதிகம். அப்போது வழியில் நிலையங்களும் இல்லை. மெதுவாகத்தான் நிமிர்ந்தது. 1993இல் விமான நிலையத்தின் புதிய முனையம் வரை தடம் நீண்டது. 1998இல் கெய்க்கியூ என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலும் முனையத்துக்கடியில் வந்து நின்றது, ஏகபோகம் போயிற்று. 2007இல் வழியிலுள்ள ஷோவாஜிமா நிலையத்தில் ஒதுங்கு தடம் அமைத்தார்கள். அதன்பிறகே விரைவு ரயில் மற்றதை முந்த முடிந்தது.

பின்னால் வந்த ஒசாகா, கிட்டாக்யூஷூ மோனோரயில்களில் பெட்டியின் தரையையே டயருக்கு மேலே தூக்கிவிட்டார்கள். உள்ளே மேடு இல்லை. ஹனேடாவில் அப்படித் தூக்கினால் எல்லா நடைமேடைகளையும் உயர்த்த வேண்டும். 1989இல் வந்த 1000 வரிசை ரயில்கள், 1997இன் 2000 வரிசை, 2014இன் 10000 வரிசை, எல்லாம் பழைய உத்தரத்துக்கு ஏற்பப் பிறந்தவையே. திண்ணையும் அப்படியே இருக்கிறது. இடம் கிடைத்தால் நான் அதில்தான் உட்காருவேன்.