அரைக் குடம் நல்ல தண்ணீர்

போன மாதம் காசிமேட்டில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சன்ஷேடின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுந்ததால், வீட்டுக்காரரே கடையில் 5 கிலோ சிமெண்ட் வாங்கி, கலந்து பூசியிருக்கிறார். ஏழு மாதம் தாங்கவில்லை. அதே இடம் முன்பைவிட அகலமாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. "சிமெண்ட் டூப்ளிகேட்டா இருக்குமோ சார்?" என்று கேட்டார். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று நான் கேட்டேன். போர் குழாயைக் காட்டினார். சோப்பு நுரைக்காத, வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர்.

வடசென்னையில் இருபது வருடமாகச் சின்னச் சின்ன ரிப்பேர் வேலைகளைப் பார்த்து வருகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலோரத்தில் எங்கே போனாலும் இதே கதைதான். பெரிய வேலைக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள்கூட, ஒரு பாண்டு கலவைதானே என்று போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். குடத்தில் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீரைச் சிமெண்டில் கொட்ட மனசு வராது. அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது இந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 கிலோ சிமெண்டுக்குத் தண்ணீர் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். ஒன்றுக்கு நான்கு என்று மணல் சேர்த்தால், அரை அங்குல கனத்தில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பூசிவிடலாம். அரைக் குடம்கூட செலவாகாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில், உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடல் நீரில் அது சுமார் 19,000. கடல் கலந்த நிலத்தடி நீரில் அந்த 500 சுலபமாகத் தாண்டிவிடும். சிமெண்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றும். குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ளப் பூச்சு பிளந்து விழும். கடற்கரை மணலையும் இதே காரணத்துக்காகத்தான் தொடாதீர்கள் என்கிறேன். சல்லடையில் சலித்தால் உப்பு போகாது. கல்லை உடைத்துச் செய்யும் மணலில் பூச்சுக்கு பி சாண்ட், கான்கிரீட்டுக்கு எம் சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த தப்பு, தண்ணீரின் அளவு. கரண்டி லேசாக ஓட வேண்டும் என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். மிச்சத் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். அதன் வழியாகத்தான் மழையும் உப்புக் காற்றும் உள்ளே போகின்றன. முதலில் சிமெண்டையும் மணலையும் உலர்வாகவே ஒரே நிறம் வரும்வரை புரட்டுங்கள். நடுவில் குழி பறித்து, முக்கால் பங்கு தண்ணீரை மட்டும் ஊற்றிப் பிசையுங்கள். மிச்சத்தைக் கை நிறையத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. மழையில் நனைந்த மணல் என்றால் இன்னும் குறையும். அளவுக்குக் கண் மதிப்பு வேண்டாம், ஒரே மக்கால் அளந்து போடுங்கள்.

அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பலம் போயிருக்கும். அதைத் தூக்கிப் போடுவதுதான் சரி.

சில்லறையாக வாங்கும் சிமெண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். கட்டி உடையவில்லை என்றால் வேண்டாம். வாய் திறந்த மூட்டை இந்தக் கடல் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும்.

பூசியபின் நீராற்றுவதை எல்லோரும் ஒரு நாளில் விட்டுவிடுகிறார்கள். ஈரச் சாக்கு போர்த்தி, குறைந்தது ஏழு நாள். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் பத்து நாள். இதற்கும் உப்பில்லாத தண்ணீர்தான்.

பழைய சுண்ணாம்புச் சுவருள்ள வீடுகளில் சிமெண்ட் பூசச் சொல்லிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். அந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். மேலே சிமெண்டால் அடைத்தால் ஓதம் உள்ளேயே தங்கி, செங்கல்லின் தோலோடு சேர்த்துப் பெயர்க்கும்.

கையுறை போடாமல் கலக்காதீர்கள். ஈரச் சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும், வலி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீரை இருபது நிமிடம் விட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

இவ்வளவும் சுவர் ஓட்டை, தரைப் பள்ளம், குளியலறை ஓரம் மாதிரி வேலைகளுக்குத்தான். கம்பி வெளியே தெரிந்தால் நீங்களே பூசி மூடாதீர்கள். காசிமேட்டு வீட்டில், கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உடைத்துப் பார்த்தபிறகுதான் அந்த சன்ஷேடை வைப்பதா எடுப்பதா என்றே முடிவு செய்ய முடியும். அதுவரை அதன் கீழே பிள்ளைகளை நிற்க விடாதீர்கள் என்று சொல்லி, ஒரு கயிறு கட்டி வழியை அடைத்துவிட்டு வந்தேன்.