எலியும் சிரிக்கும், பயமில்லாதபோது

"விளையாட்டில் இறங்கிவிட்டால் என் பையனுக்குப் பசிகூடத் தெரிவதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதற்கு எலிகளிடம் நல்ல பதில் இருக்கிறது.

1990களின் பிற்பகுதி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர், குட்டி எலிகள் கட்டிப்புரளும்போது எழுப்பும் மீயொலியைப் பதிவு செய்துவந்தார். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். எலிகளோ 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டன. இது சிரிப்பாக இருக்குமோ? சோதித்துப் பார்க்க, எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார். அதே கீச்சொலி, இன்னும் அதிகமாகக் கேட்டது! கையை எடுத்தால் எலி கையைத் துரத்திக்கொண்டு வந்தது, இன்னும் வேண்டுமென்று. பயந்த எலியின் குரல் வேறு: 22 கிலோஹெர்ட்ஸ்.

இந்த மகிழ்ச்சி மூளையில் எங்கிருந்து வருகிறது? சிந்தனைக்கு முக்கியமான பெருமூளைப் புறணியைப் பிறந்தவுடன் அகற்றிவிட்டாலும் எலிகள் விளையாடின. ஆக, வேர் அதற்கும் கீழே. 2023இல் பெர்லின் ஆய்வாளர்கள் அதை நடுமூளையில் கண்டார்கள். பெரிஅக்விடக்டல் கிரே என்ற அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் விளையாடும்போதும் கிச்சுகிச்சு மூட்டும்போதும் துடிப்பாகின்றன. அங்கே செயல்பாட்டைத் தடுத்தால் விளையாட்டும் சிரிப்பும் குறைந்துவிடுகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்தது எது தெரியுமா? ஆபத்தைக் கண்டு உறைந்து நிற்பதையும் தப்பி ஓடுவதையும் இயக்குவதும் இதே பகுதிதான். பயமும் விளையாட்டும் இவ்வளவு நெருக்கமான அண்டைவீட்டார்கள்! எலியை வெளிச்சமான, உயரமான மேடையில் வைத்துக் கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். அது சிரிக்காது.

மனித மூளையிலும் இந்தப் பகுதி உண்டு. அதனால்தான் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக்கொண்டு, தேர்வு பயத்தையும் ஊட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எலிக்குக் கிச்சுகிச்சு மூட்ட ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன்.

சரி, பசிக்கு வருவோம். 2019இல் அதே பெர்லின் குழு எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தது. பரிசாகத் தீனி கிடையாது, கிச்சுகிச்சு மட்டும்தான். தேடும்போது கீச்சிட்ட எலிகள், ஒளியும்போது சத்தமே போடவில்லை. ஒளிந்த எலியைக் கண்டுபிடித்தால், பல நேரம் அந்தப் பரிசுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டது.